வீடு தேடி வரும் சுகாதாரம்

சுகாதாரம் என்றதும் எமது நினைவுக்கு முதலில் வருவது வைத்தியசாலை, வைத்தியர், மருந்து என்பனவே. நோய் வந்தபின் நாம் தேடிச் செல்லும் இடம் அது. ஆனால் நோய் வருமுன் எம்மைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. கையில் ஒரு பை, பைக்குள் பதிவேடுகள், தலைக்கு மேல் ஒரு குடை. எமது ஊரில் “மிட்வைஃப் மிஸ்” என்றும் “பீ.எச்.ஐ. மாத்தயா” என்றும் நாம் அழைக்கும் இவர்களின் பணி என்ன, அது ஒரு நகரத்துக்கு ஏன் தேவை என்பதை மாணவியருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறையான பெயர்களை முதலில் அறிந்து கொள்வோம். மிட்வைஃப் மிஸ் என்பவர் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர். பீ.எச்.ஐ. என்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இருவரும் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையின் கீழ் கடமையாற்றுகின்றனர். முன்னவரின் பொறுப்பில் ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழும் ஒரு பிரிவு இருக்கும். கர்ப்பிணித் தாய்மாரும் குழந்தைகளும் அவருடைய முதற் கவனத்துக்கு உரியவர்கள். தொற்றுநோய், குடிநீர், உணவு விற்கும் கடைகள், பாடசாலைச் சுகாதாரம் என்பன பின்னவரின் பொறுப்பு. உலகம் முழுவதும் சமூக சுகாதார ஊழியர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் பணியை எமது நாட்டில் பெரும்பாலும் செய்பவர்கள் இவர்கள்தான்.

எமது மாவட்டம் கற்ற பாடம்

இத்தகைய ஊழியர் போதாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு வேறு எங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. கேகாலை மாவட்டமே அதற்குச் சாட்சி.

1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, களனி கங்கை, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றின. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மணலிடையே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கியது. வெயில் படும் தெளிந்த குட்டை நீரில்தான் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு முட்டையிடும். வழமையாக மழை அதிகம் பெறும் எமது பகுதி மக்களுக்கு மலேரியா பழக்கமான நோயன்று. அதனால் அவர்களின் உடலில் அதற்கான எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை. விளைச்சலும் குன்றி, பட்டினியும் சேர்ந்து கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி 1935இல் தொடர்ந்த அக்கொள்ளை நோயில் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. மலேரியாவுக்கு மருந்து அப்போதே இருந்தது. கொயினா என்று மக்கள் சொன்ன குயினைன்தான் அது. இல்லாதது, அந்த மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்லும் ஆள். வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் விழுந்து கிடக்கும்போது மைல் கணக்கில் நடந்து சென்று மருந்து வாங்கி வருவது யார்? கொழும்பிலிருந்து வந்த தொண்டர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். பின்னர் அரசியலில் புகழ்பெற்ற கலாநிதி என். எம். பெரேரா அவர்களுள் ஒருவர். பருப்பு விநியோகித்ததால் மக்கள் அவரைப் “பரிப்பு மாத்தயா” என்று அன்போடு அழைத்தனர். 1936இல் ருவன்வெல்ல தொகுதி மக்கள் அவரைத் தமது பிரதிநிதியாகத் தெரிவு செய்தனர். தமது வாசலுக்கு வந்தவரை மக்கள் மறப்பதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

ஆனால் தொண்டர்கள் ஆபத்து வேளையில் வருவார்கள். ஆபத்து நீங்கியதும் திரும்பிச் செல்வார்கள். ஆண்டு முழுவதும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே வீதியில் நடப்பதற்கு நிரந்தரமான ஒருவர் வேண்டும். அதற்கான முன்மாதிரி அந்நேரத்தில் நாட்டில் ஏற்கனவே உருவாகியிருந்தது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அதன் அடிப்படை மிக எளிமையானது. ஓர் எல்லையை வகுத்துக் கொள்ளுதல், அவ்வெல்லைக்குள் வாழும் ஒவ்வொருவரையும் கணக்கில் எடுத்தல், அவர்களைத் தேடிச் செல்லும் பொறுப்பைக் குறித்த உத்தியோகத்தர்களிடம் ஒப்படைத்தல் என்ற மூன்றுமே அதன் அடிப்படை. கொள்ளை நோய்க்குப் பிந்திய காலத்தில் இம்முறை நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் விரிவடைந்தது.

இதன் பயனை இரு செய்திகளில் காணலாம். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் பிரசவத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தனர். கடந்த சில பத்தாண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. எமது மாவட்டத்தைச் சூறையாடிய மலேரியாவோ 2012ஆம் ஆண்டுக்குப் பின் உள்நாட்டில் நிலைத்துப் பரவவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது.

ஒஸ்தா மாமியிலிருந்து மிட்வைஃப் மிஸ் வரை

எமது மூத்தம்மாமார் காலத்தில் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. முஸ்லிம் வீடுகளில் ஒஸ்தா மாமியும் ஏனைய வீடுகளில் ஊர் மருத்துவிச்சியும் வந்தனர். அவர்களைக் குறைத்துப் பேசுவது முறையன்று. வீட்டாரின் நம்பிக்கையை அவர்கள் பெற்றிருந்தனர். இரவு எந்நேரம் அழைத்தாலும் வந்தனர். ஆனால் குருதிப்பெருக்கு ஏற்பட்டாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ அவர்களால் செய்யக் கூடியது சிறிதே. கிருமித்தொற்றைத் தடுக்கும் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பயிற்றப்பட்ட மருத்துவமாது அவ்விடத்துக்கு வந்தபோது, அதே நம்பிக்கையை அவரும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அவரும் வீடுகளிலேயே பிரசவம் பார்த்தார். இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. ஆகவே அவரது வேலை பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக மாறியுள்ளது. புதிதாகத் திருமணமான தம்பதியரைப் பதிவு செய்கிறார். கர்ப்பம் தரித்த முதல் வாரங்களிலேயே அதை அறிந்து கிளினிக்குக்கு அழைக்கிறார். வீட்டுக்குச் சென்று பார்க்கிறார். குழந்தை பிறந்த முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவையேனும் வீட்டுக்கு வந்து தாயின் உடல்நிலையையும் குழந்தையின் தொப்புளையும் பால் குடிக்கும் விதத்தையும் கவனிக்கிறார். பிரசவத்தின் பின்னரான முதல் நாட்களில்தான் ஆபத்து அதிகம். தாயோ படுக்கையில், வீட்டிலோ விருந்தினர் கூட்டம். அந்நேரத்தில் “காய்ச்சல் இருக்கிறதா? இரத்தம் அதிகமாகப் போகிறதா?” என்று கேட்பதற்கென்றே ஒருவர் வருவது எத்துணை பெரிய பாதுகாப்பு!

ஓர் அட்டை சொல்லும் கதை

சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில், தரம் 10 மாணவியரிடம் ஒருமுறை அவரவருடைய பிள்ளைச் சுகாதார விருத்திப் பதிவேட்டை வீட்டிலிருந்து கொண்டு வரச் சொன்னேன். பெண் பிள்ளைகளுக்குரிய இளஞ்சிவப்பு நிற அட்டை அது. சிலருடையது பொலித்தீன் உறையிட்டுப் பத்திரமாக இருந்தது. சிலருடையதில் மூலைகளைக் கறையான் அரித்திருந்தது. இருவருடையது வீடு மாறும்போது தொலைந்து விட்டதாம்.

அட்டையின் நடுவே வளர்ச்சி வரைபடம் உண்டு. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்ற வலயங்களின் மேல், மாதந்தோறும் எடுத்த நிறை ஒரு புள்ளியாகக் குறிக்கப்பட்டிருக்கும். “இந்தப் புள்ளிகளை வைத்தது யார்?” என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னர் ஒரு மாணவி தன் அட்டையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, ஏழாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை தன் கோடு கீழே இறங்கிப் பின் மறுபடியும் மேலேறுவதைச் சுட்டிக் காட்டினாள். மறுநாள் உம்மாவிடம் கேட்டு வந்தாள். அக்காலத்தில் வயிற்றோட்டம் வந்து அவள் மெலிந்து போனாளாம். மிட்வைஃப் மிஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, கஞ்சியில் பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்க்கச் சொல்லி, திரிபோஷ மாவும் எடுத்துக் கொடுத்தாராம். அந்தப் பெண்ணின் பெயர் உம்மாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அன்றைய பாடம் அதுதான். தனியே பார்த்தால் ஒரு புள்ளிக்குப் பொருள் இல்லை. பல புள்ளிகளைச் சேர்த்துக் கோடாகப் பார்க்கும்போதுதான் பிள்ளை மேலேறுகிறதா, கீழிறங்குகிறதா என்பது தெரியும். வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது ஒரு நாள். வீட்டுக்கு வரும் ஊழியர் பார்ப்பது அந்தக் கோட்டை. நோய் வெளியே தெரியுமுன் அதன் வருகையை அறியும் வழி இது.

தடுப்பூசிகளின் கதையும் அப்படியே. பிறந்தவுடன் பீ.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசி, ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் சின்னமுத்து உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான ஊசி என அது தொடர்கிறது. தரம் 6இல் பாடசாலையில் உங்களுக்கு ஏற்றப்பட்ட ஊசி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரானது. 2017ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டில் வழங்கப்படுகிறது. ஊசி ஏற்றுவது சில விநாடி வேலை. யார் வரவில்லை என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்து, வராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்வதே பெரிய வேலை.

நகரத்தில் ஏன் கடினம்?

கிராமத்தில் யார் வீட்டில் யார் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் அப்படியன்று. வரக்காப்பொல பெரிய பட்டணம் இல்லைதான். ஆயினும் கொழும்பு - கண்டி வீதியில் ஏறத்தாழ நடுவழியில் அமைந்த ஊர் இது. பஸ்கள் நிற்கும், தலகுலி வாங்கப் பயணிகள் இறங்குவர், கடை மாடிகளில் வாடகைக்குக் குடியிருப்போர் வருவர், போவர். வேலைக்குச் செல்லும் பெண்கள் பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள். கேற் பூட்டியிருக்கும், உள்ளே நாய் குரைக்கும். முதற்பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்ற பெண் இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் விடுபட்டுப் போகலாம். வசதியுள்ளோர் தனியார் வைத்தியசாலையில் “செனல்” செய்து வைத்தியரைப் பார்ப்பதால், பதிவு தேவையில்லை என்று நினைப்பதும் உண்டு. ஆனால் செனல் செய்த வைத்தியர், பிரசவத்தின் பின் வீட்டுக்கு வரமாட்டார்.

நகரத்துக்கே உரிய நோய் டெங்கு. இங்கே பீ.எச்.ஐ.யின் வேலையைப் படிமுறையாகப் பார்ப்போம். வைத்தியசாலையில் டெங்கு எனச் சந்தேகிக்கப்படும் நோயாளி அனுமதிக்கப்பட்டதும், அவரது பெயரும் விலாசமும் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கப்படுகின்றன. அறிவித்தல் கிடைத்ததும் பரிசோதகர் அந்த வீட்டுக்குச் செல்கிறார். நோயாளி வேலை செய்யும் இடம், படிக்கும் பாடசாலை என்பவற்றையும் விசாரிக்கிறார். டெங்கு நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை. ஆகவே அயல் வீடுகளின் பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, ரயர், இளநீர்க் கோம்பை, தயிர்ச் சட்டி என்று தண்ணீர் நிற்கக் கூடிய ஒவ்வொன்றையும் பார்க்கிறார். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரமளவே போதும். அதனாலேயே வாரம் ஒருமுறை துப்புரவு செய்யுமாறு கூறப்படுகிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வழக்குத் தொடரும் அதிகாரத்தையும் தருகிறது. ஆனால் எல்லா வீட்டுக்கும் எதிராக வழக்குப் போட முடியுமா? 2017இல் நாடெங்கும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். ஒரு வீட்டார் தமது பின்வளவைத் துப்புரவாக வைத்தும் அடுத்த வீட்டுப் பீலியால் அவர்களின் பிள்ளை நோயுறலாம். பணமுள்ளவர் தன் வீட்டுக்கு மட்டும் வாங்கிக் கொள்ளக் கூடிய பண்டமன்று சுகாதாரம் என்பதை நகரத்துக்கு உணர்த்தும் நோய் டெங்கு.

மொழி என்னும் வாசற்படி

எமது மாவட்டத்தில் இறப்பர்த் தோட்டங்களும் உண்டு. தோட்டங்களில் நீண்டகாலம் சுகாதார சேவை கம்பனி நிருவாகத்தின் கையிலேயே இருந்தது. தோட்ட டிஸ்பென்சரியும் தோட்ட மருத்துவமாதும் அதன் பகுதிகள். 1990களிலிருந்து அரசாங்கம் அச்சேவையைப் படிப்படியாகப் பொறுப்பேற்று வந்தது. லயத்தில் வாழும் தாயும் நகரத்தில் வாழும் முஸ்லிம் தாயும் வெவ்வேறு சூழலில் வாழ்ந்தாலும், கிளினிக் வாசலில் இருவருக்கும் ஒரே தடை காத்திருக்கிறது. அது மொழி.

தமிழ் எமது நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று என்பதைக் குடியியற் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் சிங்களம் மட்டும் அறிந்த உத்தியோகத்தர் எதிரே, தமிழ் மட்டும் அறிந்த தாய் அமரும்போது சட்டப் புத்தகம் மொழிபெயர்த்துக் கொடுக்காது. யார் மொழிபெயர்க்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் உங்களைப் போன்ற பிள்ளைகள்தான். சிங்களம் நன்கு பேசும் என் மாணவி ஒருத்தி, அயல்வீட்டு மாமியோடு கிளினிக் செல்வதற்காகப் பலமுறை லீவு எடுத்திருக்கிறாள். “என்ன கேட்பார்கள்?” என்று விசாரித்தேன். தலையைக் குனிந்து கொண்டாள். “சிலதை நான் மாமியிடம் கேட்கவே இல்லை டீச்சர், வெட்கமாக இருந்தது. ‘இல்லை’ என்று நானே சொல்லிவிட்டேன்” என்றாள்.

அப்பிள்ளையில் குற்றமில்லை. பதினான்கு வயதுச் சிறுமியின் தோளில் ஏற்றக் கூடாத சுமை அது. ஆனால் அவள் கேட்காமல் விட்ட கேள்வி எது? குருதிப்போக்கா, முன்னைய கருச்சிதைவா, வீட்டில் அடி விழுகிறதா என்பதா? பதிவேட்டில் “இல்லை” என்றே எழுதப்படும். எழுதியவரும் பொய் எழுதவில்லை. ஆயினும் ஒரு தாயின் ஆபத்து அங்கே மறைந்து விடுகிறது. கடிதம் எழுதுவது, பெயர்ப் பலகை வைப்பது மட்டுமே மொழியுரிமை என்று நினைத்திருந்தோரை இச்சம்பவம் சிந்திக்க வைக்கும். சில வேளைகளில் அது உயிரின் விடயம்.

சிங்கள மொழி பேசும் எத்தனையோ உத்தியோகத்தர்கள் தாமாகவே தமிழ் கற்று, “சாப்பிட்டீங்களா? பிள்ளை பால் குடிக்குதா?” என்று கேட்டு எமது வீடுகளில் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்திருக்கிறார்கள். அந்த நன்றியை மறக்கக் கூடாது. அதேவேளை எமது பெண்களும் அப்பணிக்குச் செல்லாதவரை இக்குறை முழுமையாக நீங்காது.

பிற நாடுகளின் அனுபவம்

1978இல் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பே எல்லோருக்கும் சுகம் கிடைப்பதற்கான வழி என்று பிரகடனம் செய்தது. இந்தியாவில் 2005இல் “ஆஷா” என்னும் பெண் ஊழியர் திட்டம் கிராமங்களில் தொடங்கப்பட்டு, பின்னர் நகரங்களின் குடிசைப் பகுதிகளுக்கும் விரிந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பெண்கள் அதில் பணியாற்றுகின்றனர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கியது. ஆயினும் அவர்கள் நிரந்தரச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் அல்லர். செய்யும் வேலைக்கேற்ற ஊக்கத்தொகையே பெறுகின்றனர். அதனால் நியாயமான ஊதியம் கேட்டுப் பல மாநிலங்களில் போராடியும் வருகின்றனர். விருது வயிற்றை நிரப்பாது அல்லவா? எமது நாட்டு உத்தியோகத்தரோ ஒன்றரை ஆண்டுப் பயிற்சி பெற்று அரச சேவையில் இணைபவர். இவ்வகையில் எமது முறை உறுதியானது.

ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. எமது முறை தாயையும் சேயையும் மையமாகக் கொண்டு உருவானது. இன்று எமது வீடுகளில் சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத குடும்பம் அரிது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று குருதியமுக்கமும் சீனியும் பரிசோதித்து, மாத்திரைகளையும் வாசலிலேயே கொடுக்கின்றனர். எமது நாட்டில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கான சுகநாரி கிளினிக்கில் இப்பரிசோதனைகள் இலவசமாகச் செய்யப்படுகின்றன. மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் உண்டு. ஆனால் அங்கே நாமாகத்தான் செல்ல வேண்டும். உங்களில் எத்தனை பேருடைய உம்மா அங்கு சென்றிருக்கிறார்?

நாம் செய்யக் கூடியவை

மாணவியரே, இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்து விட்டு மூடி வைக்காதீர்கள். பின்வரும் நான்கு விடயங்கள் உங்களால் செய்யக் கூடியவை.

முதலாவது, உங்கள் சுகாதார அட்டையைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தம்பி தங்கையரின் அட்டையில் அடுத்த ஊசிக்குரிய திகதியைப் பாருங்கள்.

இரண்டாவது, மிட்வைஃப் மிஸ் வாசலுக்கு வந்தால் “உம்மா இல்லை” என்று கூறி அனுப்பி விடாதீர்கள். வெயிலில் நடந்து வந்தவரை உள்ளே அழைத்து, ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள். வீதியில் புதிதாகக் குடிவந்தோர் இருந்தால் சொல்லுங்கள். அவரது பதிவேட்டில் ஒரு வீடு விடுபடாமல் இருப்பது உங்களாலும் இருக்கலாம்.

மூன்றாவது, மொழிபெயர்க்கச் செல்ல நேர்ந்தால், உங்களுக்குக் கூச்சமான கேள்வி வரும்போது நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். “இதை என்னால் கேட்க முடியாது, பெரியவர் ஒருவரை அழைத்து வருகிறேன்” என்று சொல்வது மரியாதைக் குறைவன்று.

நான்காவது, உயர்தரம் முடித்தபின் என்ன செய்வது என்று யோசிப்போர் இப்பணியையும் யோசியுங்கள். ஆட்சேர்ப்புக்கான தகைமைகள் வர்த்தமானியில் வெளியிடப்படும். வைத்தியராக வேண்டும் என்று வகுப்பில் பலர் கை உயர்த்துகிறீர்கள், நல்லது. ஆனால் மிட்வைஃப் ஆக வேண்டும் என்று இதுவரை ஒரு கையும் உயர்ந்ததை நான் காணவில்லை. சொந்த ஊரின் வீதிகளில், சொந்த மொழியில், பெண்களின் வாயால் வெளிவராத வேதனையைக் கேட்டறியும் வாய்ப்பு இவ்வுத்தியோகத்தில் கிடைப்பது போல் வேறெதிலும் எளிதில் கிடைக்காது.

90 ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் மருந்து இருந்தும் மக்கள் மாண்டார்கள். கொண்டு செல்ல ஆள் போதவில்லை. இன்று ஆள் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது, கிளினிக் இருக்கிறது. சில வாசல்களில் சொல்லும் கேட்டலும் மட்டும் இன்னும் நடுவழியில் நிற்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பக் கூடியவர்கள் இரண்டு மொழியும் அறிந்த நீங்களே.